பூசணிக்காய்க்கும் சேவலுக்கும் நடுவே ஒரு ஜாஸ் பெட்டி

வெளியூர் போகிறவர்கள் பெட்டி நிறையத் துணி எடுத்துப் போவார்கள். நான் காலிப் பெட்டியோடு கிளம்பினேன். மாற்றுச் சட்டையும் வேட்டியும் தோளில் தொங்கிய மஞ்சள் பையில் இருந்தன. பெரிய பெட்டிக்குள் ஒரு பழைய போர்வையும், இசைத்தட்டு துடைக்கும் வெல்வெட் துணியும் மட்டும்.

“பெட்டி நெறைய என்னத்தைக் கொண்டாரப் போறீங்க?” என்று வாசலில் வைத்தே கேட்டாள் என் மனைவி.

“ஜாஸ்.”

“அந்தக் கடமுடாவா? நான் வத்தல் போடக் கத்தரிக்கா வாங்கிட்டு வருவீங்கன்னுல்லா நெனைச்சேன்.”

யாரும் மிரண்டுவிட வேண்டாம். நான் போனது திருநெல்வேலி டவுனிலிருந்து அம்பாசமுத்திரத்துக்கு. காலையில் தின்ற இட்லி செரிப்பதற்குள் போய்விடலாம். ஆனால் டவுன்காரர்களான எங்களுக்கு ஆற்றைத் தாண்டிப் பாளையங்கோட்டை போவதே கப்பல் ஏறுவது மாதிரிதான். அம்பாசமுத்திரத்துக்கும் மேற்கே, மலையடிவாரத்துக் கிறிஸ்தவக் கிராமம் ஒன்றில் இரண்டு ராத்திரி தங்கி வருவது என்றால், எங்கள் தெருவின் கணக்கில் அது சீமைப் பயணம். பக்கத்து வீட்டுக்காரர் என்னை வழியனுப்ப எழுந்து நின்றார்.

நான் பாத்திரக் கடைக்காரன். பழைய பித்தளையை எடைக்கு வாங்கிக்கொண்டு புதுப் பாத்திரம் கொடுப்போம். ஒருநாள் நசுங்கிய குடங்களோடு ஒரு டிரம்பெட்டும் எடைக்கு வந்தது. உருக்கப் போகும் சாமான் உயிரோடு இருந்தபோது என்ன பேசியிருக்கும் என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் போனில் தேடினேன். யாரோ ஒருவர் ஊதினார். வழி தவறிய ஆள் மாதிரி ஊதினார். ஆனால் வழி தவறியதைப் பற்றி அவருக்குக் கொஞ்சமும் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. அன்றைக்குக் கல்லாவில் உட்கார்ந்து நான் போட்ட பில் எல்லாம் தப்பு. அதிலிருந்து நோய் முற்றிக்கொண்டே வருகிறது.

கடை திறப்பதற்கு முன்னால் மச்சில் தட்டின் ஒரு பக்கம். மதியம் சாப்பிட்டுவிட்டு மறுபக்கம். இதுதான் என் தினப்படி. முதல் வாரம் முழுக்கப் பொறுமையாகக் கேட்ட என் மனைவி, “இவங்க எப்பம் பாட்டை ஆரம்பிப்பாங்க?” என்றாள். அதுவரைக்கும் சுருதி சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறாள்.

திருநெல்வேலியில் ஜாஸ் தட்டு சேர்ப்பது என்பது பாலைவனத்தில் மீன் பிடிக்கிற தொழில். பழைய மரச்சாமான் கடை, காயலான் கடை என்று அலைந்து நான் சேர்த்த அடுக்கு ஒரு முழம் உயரம் தேறாது. அதிலும் பாதி, அட்டை இல்லாமல் கிடந்ததால் ஜாஸாக இருக்கலாம் என்று நம்பி வாங்கியவை. ஒன்றைப் போட்டால் நெற்பயிரைத் தாக்கும் குருத்துப்பூச்சி பற்றி ஒருவர் உரையாற்றுகிறார். வாங்கிய தோஷத்துக்கு முழுசாகக் கேட்டேன். குருத்துப்பூச்சி விஷயத்தில் இப்போது எனக்கு உறுதியான கருத்துகள் உண்டு.

இதற்கு நேர்மாறாக, மதுரையில் ஒரு கடையில் அட்டை கிடைத்தது, தட்டு இல்லை. பச்சை அட்டை. அதில் ஒருவர் சாக்ஸபோனைத் தூங்கும் குழந்தையைப் போல மடியில் கிடத்தி உட்கார்ந்திருப்பார். உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்தே வாங்கினேன். மச்சுச் சுவரில் மாட்டினேன். வீட்டில் யாரோ இறந்துவிட்டதாக நினைத்துப் பால்காரர் அதைக் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்த அட்டைக்குள் இருந்திருக்க வேண்டிய தட்டை நான் தேடாத இடமில்லை.

இப்படி இருக்கும்போதுதான் தனசிங் போன் செய்தார். அவர் அந்த மலையடிவாரத்து ஊர்க்காரர். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. சபையின் பெரிய சமையல் அண்டாக்களுக்கு ஈயம் பூச எங்கள் கடைக்கு வந்து பழக்கமானவர்.

“அண்ணாச்சி, எங்க கோயில்ல சனிக்கிழமை அறுப்பின் பண்டிகை. காணிக்கையா வந்த பொருளையெல்லாம் ஏலம் விடுவோம். இந்த வருசம் ஒரு பொட்டி இசைத்தட்டு வருது. எல்லாம் நீங்க கேக்குத அந்தக் கோட்டி பிடிச்ச பைத்தியக்காரப் பாட்டுதான். வந்து பாருங்க.”

“அட்டையெல்லாம் பாத்தீரா?”

“ஒரு பச்சை அட்டை கண்டேன். ஒருத்தன் குழாயை மடியில போட்டுக்கிட்டு ஒறங்குதான்.”

பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் கண்டக்டர் என் பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

“உள்ள என்ன அண்ணாச்சி?”

“ஒண்ணுமில்லை.”

“ஒண்ணுமில்லாததுக்கா இம்புட்டுப் பெரிய பெட்டி?”

“திரும்பி வரும்போது நெறைஞ்சிருக்கும்.”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அப்பம் திரும்பி வரும்போது லக்கேஜ் போட்டுக்கிடுதேன். இப்பம் மடியில வச்சுக்கிடும். காத்துக்கு டிக்கெட் போட எனக்கு அதிகாரமில்லை.”

அந்தப் பெட்டியை மடியில் வைத்தால் முன்னால் எதுவும் தெரியாது. பத்தமடையும் சேரன்மகாதேவியும் எனக்குப் பக்கவாட்டில்தான் போயின. வீரவநல்லூரை நெருங்கும்போது பின்னால் டமார் என்றது. டயர். எல்லோரும் இறங்கி மருத மரத்தடியில் நின்றோம். கார்ப் பருவ அறுப்பு முடிந்த வயல்களில் வைக்கோல் காய்ந்துகொண்டிருந்தது. டிரைவரும் கண்டக்டரும் சக்கரத்தைக் கழற்ற, சுற்றி நின்ற ஆண்கள் அத்தனை பேரும் யோசனை சொன்னார்கள். டவுனிலும் இப்படித்தான். யோசனைக்கு மட்டும் எங்கள் ஜில்லாவில் பஞ்சமே வந்ததில்லை.

என் பக்கத்தில் ஓர் அம்மா ஓலைப்பெட்டியோடு நின்றார். பெட்டிக்கு மேலே சேவலின் தலை மட்டும் தெரிந்தது. அது என்னையே பார்த்தது.

“சேவல் எங்கன போகுது?” என்றேன்.

“கோயிலுக்கு. அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கை.”

“பாவம்.”

“என்ன பாவம்? போன வருசமும் இதுதான் போச்சு. சாயந்திரமே வீட்டுக்கு வந்துட்டு.”

“கெட்டிக்காரச் சேவல். வழி தெரிஞ்சு வந்திருக்கே,” என்று பாராட்டினேன்.

காற்றுக்கு டிக்கெட் கேட்டவனைப் பார்ப்பது மாதிரி அந்த அம்மா என்னைப் பார்த்தார். அங்கேயே நான் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் காதில் ஒயரைச் செருகிக்கொண்டேன். ஜாஸ் ரசிகனுக்கு உலகத்தில் பாதி விஷயம் தெரியாமல் போவது இதனால்தான்.

அம்பாசமுத்திரத்தில் இறங்கி, ஓட்டலில் புளிமிளகாய் தொட்டு ஆறு இட்லி தின்றேன். தனசிங் மொபெட்டோடு வந்தார். பின்னால் நான், என் மடியில் பெட்டி. வழியில் நின்றவர்கள் எல்லாம் வீட்டுக்கு டி.வி. வாங்கி வருகிறோம் என்று நினைத்து, எத்தனை அங்குலம் என்று கேட்டார்கள்.

அன்று சாயந்திரம் தனசிங் வீட்டில் கருப்பட்டிக் காப்பி குடித்தபடி எனக்கு மொழிப் பாடம் நடந்தது. சேகரம் என்றால் வட்டாரம். அசனம் என்றால் ஊர் முழுக்க உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. ஐயர் என்றால் அவர்கள் ஊர்ப் போதகர். “நாளைக்கு ஐயர் பக்கத்துல உக்காந்து சாப்பிடுவீங்க,” என்றார். எங்கள் தெரு ஐயர் இதைக் கேட்டால் என்ன ஆவாரோ.

“பொருத்தனைன்னா உங்க நேர்த்திக்கடன் மாதிரி,” என்றார் தனசிங். “இந்தத் தட்டுப் பொட்டியும் பொருத்தனைதான். அருமைநாயகம் அண்ணாச்சின்னு ஒருத்தர். மலை மேல தேயிலை எஸ்டேட்டுல என்ஜின் பாத்தவரு. ரிட்டயர் ஆகி, இங்கன மக வீட்டுல இருக்காரு. ரெண்டு காதும் போயிட்டு. ஆபரேசன் பண்ணுனா உண்டு இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரு. காது திரும்புனா என்கிட்ட இருக்கதுலயே பிரியமான பொருளை வைக்கேன் ஆண்டவரேன்னு பொருத்தனை பண்ணுனாரு. காது திரும்பிட்டு. பொட்டியை வச்சுட்டாரு.”

கேட்கிறதுக்குக் காதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, கேட்க வைத்திருந்ததைக் கொடுத்துவிட்டார். எனக்கு மனசு என்னமோ செய்தது. ஆனால் உடனே ஆறுதலும் வந்தது: போகிறதுதான் போகிறது, தகுதியான கைக்குப் போகட்டும். அந்தக் கையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை ஆராதனை முடிந்ததும் கோயில் பந்தலில் பொருள்களை அடுக்கினார்கள். வாழைத்தார், நெல் மூட்டை, தேங்காய், முட்டை, கேக், ஒரு வெள்ளாட்டுக்குட்டி. பெரிய பூசணிக்காய்க்கும், நான் பஸ்ஸில் சந்தித்த சேவலுக்கும் நடுவில் அந்தப் பெட்டி. மரப் பெட்டி, தேயிலைப் பெட்டிதான். குனிந்து பார்த்தேன். பச்சை அட்டை இருந்தது. இழுத்தேன். உள்ளே தட்டும் இருந்தது. கீறல் இல்லாமல் கருகருவென்று, எண்ணெய் தேய்த்த மாதிரி. அதை நான் மார்போடு அணைத்துக்கொண்டதை அந்தச் சேவல் பார்த்துவிட்டது.

ஏலம் விட்டவர் ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர். ஒலிபெருக்கி தேவைப்படாத குரல். பூசணிக்காய்க்கு ஏலக் கேள்வி ஏறிய ஏற்றத்தில் டவுனில் ஒரு ஜோடி குத்துவிளக்கு வாங்கிவிடலாம். என்ன தாராளமான ஊர் என்று வியந்தேன். எடுத்தவர் பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி கூட்டத்துக்குள் போனார். எங்கே போனார் என்று நான் பார்க்கவில்லை. சேவலும் போயிற்று. நடுநடுவே கீர்த்தனை பாடினார்கள்.

“அடுத்தது அருமைநாயகம் அண்ணாச்சி பொருத்தனை. இசைத்தட்டு ஒரு பொட்டி,” என்றார் டிரில் மாஸ்டர். “கேக்கவங்க கேக்கலாம். பெறவு வீட்டுல வந்து யாரும் காதைப் பொத்திக்கிட்டுச் சண்டைக்கு வரப்படாது.”

பந்தல் சிரித்தது. முன்வரிசையிலிருந்து ஒரு பெண் விலை கேட்டார். வேறு யாரும் வாயைத் திறக்கவில்லை. இந்த ஊரில் ஜாஸின் அருமை யாருக்கும் தெரியவில்லை என்று பரிதாபப்பட்டு, அவருக்கு மேலே நான் கேட்டேன். தலைகள் திரும்பின. அவர் ஏற்றினார். நான் ஏற்றினேன். அவர் ஒரு தூணோரம் திரும்பிப் பார்த்தார். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டார். என் வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியவில்லை என்று முடிவு செய்தேன்.

டிரில் மாஸ்டர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். “ஒரு தரம்,” என்றார். கைக்குட்டையை உதறினார். “ரெண்டு தரம். யாரும் இல்லையா? நல்லா யோசிங்க.” கடைசியில் “மூணு தரம்” என்றதைத் துக்கச் செய்தி வாசிக்கிற குரலில் வாசித்தார்.

நான் எழுந்து நின்று கூட்டத்தை நோக்கிக் கும்பிட்டேன். கை தட்டுவார்கள் என்று ஒரு நம்பிக்கை. பந்தல் மௌனமாக இருந்தது. சங்கீதம் என்றால் இப்படியல்லவா மரியாதை இருக்க வேண்டும் என்று நினைத்தபடி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

சேவலம்மா வந்தார். இடுப்பில் சேவல்.

“டவுன்காரரே, என்ன காரியம் பண்ணிட்டீரு?”

“என்னம்மா?”

“இந்தா இருக்குல்லா சேவல். எங்க அண்ணன் ஏலத்துல எடுத்து எனக்கே தந்துட்டான். பூசணிக்காயும் வச்ச வீட்டுக்கே போயிட்டு. காசு கோயிலுக்குச் சேரணும், பொருள் வச்சவங்க வீட்டுக்குப் போகணும். அதாம்லா எங்க ஊரு ஏலம். அங்கன கேட்டது அருமைநாயகம் மக கிரேஸு. மக எடுத்து அப்பனுக்குக் குடுக்கப் போறான்னு பச்சப்புள்ளைக்கும் தெரியும். நீரு எதுக்குவே குறுக்க விழுந்தீரு?”

“அப்பம் அவங்க ஏன் நிறுத்துனாங்க?”

“நீரு விருந்தாளில்லா. விருந்தாளிகூட ஏலத்துல சண்டை போடவா முடியும்?”

வெயில் திடீரென்று கூடின மாதிரி இருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிரேஸிடம் போய், “எடுத்துக்கிடும்மா, எனக்குத் தெரியாமப் போச்சு,” என்றேன்.

“எங்கப்பா வாங்க மாட்டாங்க அண்ணாச்சி,” என்றார். “பொருத்தனை வச்சதை இனாமா வாங்கப்படாதுன்னு சொல்லிருவாங்க. பரவாயில்லை, நீங்க கொண்டு போங்க. காது நல்லாயிட்டுல்லா, அது போதும்.”

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் எனக்குள் ஒருத்தன் துள்ளிக் குதித்தான். முறைப்படி எடுத்த பெட்டி. சொந்தக்காரர் மகளே கொண்டு போகச் சொல்லிவிட்டார். அம்பாசமுத்திரத்துக்கு அடுத்த மினி பஸ் எப்போது என்றுகூட யோசித்துவிட்டேன்.

அப்போது அடுத்த கீர்த்தனை ஆரம்பித்தது. பந்தல் முழுக்கக் கை தட்டியது, எல்லா ஊரிலும் தட்டுகிற மாதிரி, தாளத்தின் ஒன்றிலும் மூன்றிலும். தூணோரம் ஒருவர் மட்டும் முழங்காலில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். ஜாஸ்காரர்கள் தட்டுகிற மாதிரி, இரண்டிலும் நான்கிலும். வெள்ளைச் சட்டை, காதோரம் பஞ்சு. சொல்லிக் கொடுத்தாலும் வராது அது. பல வருசம் தட்டு கேட்டுக் கேட்டு உடம்பில் ஏறியிருக்க வேண்டும். என் ஜில்லாவில் அப்படித் தாளம் போடுகிற இன்னொரு மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை. அவருடைய பெட்டி என் கையில் இருந்தது.

நேரே போய்ப் பெட்டியை மேஜையில் வைத்தேன். “மறுபடி ஏலம் விடுங்க,” என்றேன்.

டிரில் மாஸ்டர் முகம் மலர்ந்துவிட்டது. “டவுன் அண்ணாச்சி காணிக்கை! இசைத்தட்டு ஒரு பொட்டி!”

கிரேஸ் உடனே கேட்டார். நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு தரம். ரெண்டு தரம். அப்போது பந்தலுக்குப் பின்னாலிருந்து தனசிங் ஓடி வந்தார். அவர் அதுவரை அசனச் சோறு வடித்துக்கொண்டிருந்தார். நடந்த கூத்து எதுவும் தெரியாது. ‘டவுன் அண்ணாச்சி காணிக்கை’ என்பது மட்டும் அவர் காதில் விழுந்திருக்கிறது. தான் கூட்டிவந்த விருந்தாளி வைத்த பொருள் விருந்தாளிக்கே திரும்பிப் போக வேண்டும் என்பது அவர் கணக்கு. கரண்டியை உயர்த்தினார். கேட்டார். கிரேஸ் ஏற்றினார். கரண்டி இன்னும் உயர்ந்தது.

“ஏலே தனசிங், சும்மா இருலே,” என்று யாரோ அதட்டினார்கள்.

“விருந்தாளி பொருளை விட்டுக்குடுக்கச் சொல்லுதீங்களா?” என்று அவரும் அதட்டினார்.

விருந்தாளிக்காகக் கேட்கிறவரோடு கிரேஸ் எத்தனை நேரம்தான் மல்லுக்கட்டுவார்? நான் எழுந்து இரண்டு கையையும் ஆட்டினேன். நன்றி சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். மூணு தரம். கரண்டியைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, பெட்டியைத் தூக்கி வந்து என் மடியில் வைத்தார் தனசிங். “விட்டுருவோமா அண்ணாச்சி?” என்றார், மூச்சு வாங்க.

இந்த முறை பந்தல் மௌனமாக இல்லை. சிரித்துச் சிரித்து ஒரு கிழவருக்குப் பல் செட்டு கழன்றுவிட்டது. விவரம் தெரிந்ததும் தனசிங், “அண்ணாச்சி, மக எடுப்பான்னு நான் உங்ககிட்ட சொல்லலையா?” என்றார். சொல்லவில்லை. சூரியன் கிழக்கே உதிக்கும் என்றும்தான் அவர் என்னிடம் சொன்னதில்லை. “உங்களுக்கும் அவருக்கும் பழக்கம் பண்ணிவைக்கத்தான கூப்பிட்டேன். ஊருக்கு ஒரு கோட்டி இருந்தா அதுக்குத் துணை வேண்டாமா?”

“மூணாவது தடவை வைக்கட்டுமா?” என்று டிரில் மாஸ்டரைக் கேட்டேன்.

“சோறு ஆறுது. இனி அடுத்த வருசம்தான்,” என்று விசிலை ஊதி ஏலத்தை முடித்துவிட்டார்.

அசனப் பந்தியில் எனக்கு இடப்பக்கம் ஐயர். எதிரே அருமைநாயகம் அண்ணாச்சி. மற்றவர்களுக்குக் கறிக்குழம்பு, சைவக்காரனான எனக்குத் தனிச் சாம்பார். பெட்டி என் காலடியில். அவர் சாப்பிட்டபடியே குனிந்து, தலைகீழாக நின்ற ஓர் அட்டையை இடது கையால் உருவி நேராகச் செருகினார். பிறகு தான் செய்தது என்ன என்று உணர்ந்தவர் போலக் கையை இழுத்துக்கொண்டார்.

எனக்குச் சட்டென்று ஒரு பொய் தோன்றியது. நல்ல பொய்.

“அண்ணாச்சி, ஒரு உதவி. எங்க வீட்டு மச்சு ஒழுகுது. மழை வேற வரப் போகுது. மச்சை ஒட்டிப் பூசுத வரைக்கும் இந்தப் பொட்டியை உங்க வீட்டுல வச்சிருக்க முடியுமா?”

அவர் அப்பளத்தை நொறுக்குவதை நிறுத்தினார். ஐயரைப் பார்த்தார். “வச்சுக்கிட்டா, வாங்குன மாதிரி ஆயிருமா ஐயரே?”

ஐயரின் வாய் நிறையச் சோறு. யோசிப்பதற்கு அது வசதியாக இருந்தது. விழுங்கிவிட்டு, “பொருள் அவருது. நீங்க பாத்துக்கிடுதீங்க. அவ்வளவுதான,” என்றார்.

அருமைநாயகம் அண்ணாச்சி இன்னும் கொஞ்சம் யோசித்தார். “சும்மா வச்சிருந்தா மழைக்காலத்துல பூஞ்சை பிடிச்சிரும்,” என்றார் என்னிடம், கண்டிப்பான குரலில். “அப்பப்பம் ஓட்டித்தான் ஆகணும்.”

“ஓட்டுங்க.”

“தினமும் ஓட்டணும்.”

“உங்க சிரமம்.”

“சிரமம்தான்,” என்று ஒத்துக்கொண்டு, இன்னொரு கரண்டி குழம்பு கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவர் வீட்டில் உட்கார்ந்தோம். எஸ்டேட்டை விட்டுப் போன மேனேஜர் ஒருவர் பெட்டியையும் தட்டுச் சுற்றும் மிஷினையும் இவரிடம் விட்டுவிட்டுப் போனாராம்.

“மலையில மழை பிடிச்சா வாரக்கணக்கா விடாது. ரேடியோவும் எடுக்காது. வேற வழியில்லாமக் கேட்டேன்,” என்றார். “மொதல்ல கேக்கும்போது கோட்டி பிடிக்குத மாதிரி இருந்துச்சு. பெறவு கேக்காட்டாக் கோட்டி பிடிக்குத மாதிரி ஆயிட்டு.”

“ஆபரேசனுக்கு முந்தி அவங்களுக்குக் கேக்காது,” என்று அடுக்களையிலிருந்து கிரேஸ் சொன்னார். “இப்பம் எங்களுக்குக் கேக்க முடியலை.”

பச்சை அட்டையை அவரே எடுத்தார். ஊசியை வைத்தார். முதலில் பியானோ, யாரையோ எழுப்பாமல் கதவைத் திறக்கிற மாதிரி. பிறகு சாக்ஸபோன் வந்தது. வருசக்கணக்காகச் சுவரில் அட்டையாக மட்டும் தொங்கிய மனிதர் என் எதிரே வந்து உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். எனக்கு மூக்கு உறுத்தியது. சாம்பிராணி போட்டிருக்கிறார்களா என்று கேட்கலாமா என்றுகூட நினைத்தேன்; அது சாம்பிராணி போடுகிற வீடு இல்லை என்பது ஞாபகம் வந்தது.

“இந்தாளப் பாத்தீரா,” என்றார் அருமைநாயகம் அண்ணாச்சி. முந்தின நாள் இருந்த ‘நீங்க’ எப்போது போயிற்று என்று தெரியவில்லை. “ரோட்டுல போய்க்கிட்டே இருப்பாரு. திடுதிப்புன்னு வரப்புல எறங்கிருவாரு. போச்சு, ஓடையில விழப் போறாருன்னு நாம பதறுவோம். கடைசியில வீட்டு வாசல்ல கரெக்டா வந்து நிப்பாரு.”

டிரம்காரர் தனியாக வாசிக்கும் கட்டம் வந்ததும் அண்ணாச்சி எழுந்து காப்பி போடப் போய்விட்டார். அந்தக் கட்டம்தான் எனக்கு உயிர். இதைப் பற்றிச் சாயந்திரம் வரை சண்டை போட்டோம். என் வாழ்நாளில் ஜாஸைப் பற்றி நான் போட்ட முதல் சண்டை அது. அதுவரை சண்டை போட ஆள் கிடைத்ததில்லை.

கிளம்பும்போது என் துணிச்சலையெல்லாம் திரட்டிக் கேட்டேன். “அண்ணாச்சி, பச்சை அட்டையை மட்டும் நான் இப்பம் கொண்டு போகட்டுமா?”

எடுத்தார். துடைத்தார். என் பக்கம் நீட்டினார். நீட்டின கை பாதியில் நின்றது.

“மச்சு ஒழுகுதுன்னீரே?”

“கொஞ்சம்தான் ஒழுகும்.”

“கொஞ்சம் போதும்வே, இது சுருண்டு போயிரும்,” என்று உள்ளே வைத்து மூடிவிட்டார். நான் சொன்ன பொய்க்குள்ளேயே என்னைப் பூட்டிச் சாவியையும் அவரே வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

விருந்தாளி வெறும் பெட்டியோடு போவதா என்று சேவலம்மா தலைமையில் பெண்கள் என் பெட்டியைக் கத்தரிக்காயாலும் தேங்காயாலும் நிரப்பினார்கள். பஸ்ஸில் லக்கேஜ் போட்டார்கள். வீட்டில் என் மனைவி பெட்டியைத் திறந்து, “இந்த ஜாஸ் நல்லாருக்கு,” என்றாள்.

மறுநாள் கடையில் வியாபாரம் நடந்துகொண்டிருக்கும்போது போன் வந்தது. அருமைநாயகம் அண்ணாச்சி.

“பச்சை அட்டைத் தட்டுல ஒரு கீறல் இருக்குவே. ரெண்டாவது பக்கத்துல பியானோக்காரன் ஒரே எடத்துல நின்னுக்கிட்டு நகர மாட்டேங்கான்.”

“நேத்து நல்லாத்தான இருந்துச்சு?”

“எனக்கு என்ன தெரியும்? தட்டு உம்மதுல்லா. ஏலம் எடுக்கும்போது நல்லாப் பாத்து எடுக்கப்படாதா?”

“தப்புதான் அண்ணாச்சி.”

“சரி, போகட்டும்.” பின்னால் அதே பச்சை அட்டைத் தட்டின் பியானோ ஓடிக்கொண்டிருந்தது. எங்கேயும் நிற்காமல், வழுக்கிக்கொண்டு போயிற்று. “மச்சு வேலை எப்பம் ஆரம்பிக்கீரு?”

“மழை முடியட்டும்னு பாக்கேன் அண்ணாச்சி.”

“ஆமா, அவசரப்பட்டு ஆரம்பிச்சிராதீரும்,” என்றார். “நல்ல கொத்தனாராப் பாத்து, பையச் செய்யும்.”